வீரர்களின் பெயர்களை நாமே எழுதி வைப்போம்!

(கலசப்பாக்கத்தில் முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்க நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அவர்களுடைய இல்லத்தரசிகளே, கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரச் சகோதரர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, நம்மோடு தோளோடு தோள் நிற்கும் பிறசமயச் சகோதரர்களே, எல்லோருக்கும் மேலாக என் அன்பு இளைஞர்களே!

மேடையில் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். கைதட்டினோம். படம் எடுத்துக்கொண்டோம். நல்லது. மனிதருக்கு நன்றி பாராட்டத் தெரியாதவர் இறைவனுக்கும் நன்றி பாராட்டமாட்டார் என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்பட்ட பாடம். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தப் பொன்னாடை நாளைக்கு மடித்துப் பெட்டியில் வைக்கப்படும். அதற்குப் பிறகு என்ன? இந்தப் பெரியவர்களில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், அவர் எந்தப் படையில் இருந்தார், எந்த ஊரில் நின்றார், எந்த ஆண்டு திரும்பி வந்தார் என்று சொல்ல நம் ஊரில் ஒரு ஏடு இருக்கிறதா? ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கிறதா?

இல்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கர்னலுக்குத் தூண் உண்டு, சிப்பாய்க்கு?

ஆரணி நமக்குப் பக்கத்து ஊர். பட்டு வாங்கவும் விற்கவும் வாரம் ஒருமுறையாவது போய்வருகிறோம். 1782ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய களம் அந்த ஆரணி. 1790இல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லி என்ற வெள்ளைக்கார அதிகாரிக்கு அங்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அந்தக் கர்னலின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர் பின்னால் நடந்த சிப்பாய்கள் யார்? ஹைதரின் பக்கம் நின்று மடிந்தவர்கள் யார்? இரண்டு பக்கமும் விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பிள்ளைகள்தானே! ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா?

வேலூருக்குப் போங்கள். லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. சரக்கு எடுக்கப் போகிற நம் வியாபாரிகள் அதன் அடியில் நூறு முறை நடந்திருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை. 277 என்பது ஒரு எண்தான். ஆனால் அது 277 தாய்மார்களின் கண்ணீர் அல்லவா?

அதே வேலூர்ப் பக்கம், கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம். சுற்றுவட்டாரத்தில் அதை ‘மிலிட்டரிப்பேட்டை’ என்பார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவர், இருவர் என்று பட்டாளத்துக்குப் போன ஊர். பழைய வடஆற்காடு மாவட்டத்துக்கே அந்தப் பேர் உண்டு. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பு பொய்க்கும். ஏரைப் பிடித்த கையும் தறியைப் பிடித்த கையும் துப்பாக்கியைப் பிடிக்கப் போனதற்கு வயிறும் ஒரு காரணம், வீரமும் ஒரு காரணம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மை வரலாறு.

வேலூர்க் கோட்டை சொல்லும் செய்தி

இளைஞர்களே, சிப்பாய்க் கலகம் என்றால் உங்கள் பாடப் புத்தகத்தில் 1857தான் முதலில் வரும். அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806 ஜூலை 10ஆம் நாள் விடிவதற்கு முன்னால், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயச் சின்னம் அணியக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று கம்பெனி அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். நெற்றிச் சின்னம் இந்துச் சிப்பாயின் நம்பிக்கை. தாடி முஸ்லிம் சிப்பாயின் நம்பிக்கை. ஒரே உத்தரவு இரண்டு பேரையும் அவமதித்தது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். கோட்டையில் திப்பு சுல்தானின் கொடி ஏறியது.

அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையைப் பிடித்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஆனால் அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு வேலூரில் நினைவுத் தூண் எழுந்தது எப்போது தெரியுமா? 1998இல். ஏறத்தாழ 192 ஆண்டுகள் கழித்து! அஞ்சல் தலை வந்தது 200ஆம் ஆண்டான 2006இல். நன்றி சொல்ல இத்தனை காலம் எடுத்துக்கொள்கிற நாட்டில் நாம் வாழ்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் பாட்டனார்

என் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் தகப்பனாரின் தகப்பனார். நாங்கள் தாதா என்று அழைப்போம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். 1942இல் சேர்ந்தார். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில் பயிற்சி. 1780இல் தொடங்கிய பழைய படை அது. தடைக் கம்பி வேலியை உடைக்க உலகப் படைகள் எல்லாம் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் அந்தப் படையில்தான் உருவானது. அந்தப் படை வீரர்களுக்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் செல்லப் பெயர். பஞ்சாபியும் வங்காளியும்கூட அவர்களைத் தம்பி என்றே அழைப்பார்கள்.

ஏன் போனார்? நான் சிறுவனாக இருந்தபோது கேட்டேன். “தறி நின்னுபோச்சு, போனேன்” என்றார். அவ்வளவுதான் பதில். பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் ஜப்பான் பட்டு வரத்து நின்றுபோனது. மைசூர்ப் பட்டைப் பாராசூட் செய்வதற்கு எடுத்துக்கொண்டார்கள். சேலைக்குப் போக வேண்டிய நூல் வானத்திலிருந்து குதிக்கிறவனின் குடைக்குப் போனது. நெசவாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. எந்தப் போர் நூலைப் பறித்ததோ, அந்தப் போரிலேயே போய்ச் சேர்ந்தார்கள் நம் பெரியவர்கள்.

1944, 45இல் பர்மாப் போர்முனை. இம்பால், டிட்டிம் என்று அவர் வாயிலிருந்து வரும் பெயர்கள் எனக்கு அப்போது புரியாது. துப்பாக்கியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பாலத்தைப் பற்றித்தான் பேசுவார். மழையில் கரைந்து ஓடும் சாலையில் மரக்கட்டையை அடுக்கி லாரியைக் கடத்திவிட்டதைச் சொல்வார். மழைக்காலத்தில் நம் செய்யாறு கரைபுரண்டு ஓடினால் கரையில் போய் நிற்பார். இந்த அகலத்துக்கு எத்தனை ஆள் வேண்டும், எத்தனை மணி நேரத்தில் பாலம் போடலாம் என்று விரலை மடக்கிக் கணக்குப் போடுவார். கம்பெனியில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறிஸ்தவர், தாழ்த்தப்பட்டவர் எல்லோருக்கும் ஒரே லங்கர், ஒரே சோறு. ஊரில் எட்ட நின்று பேசியவர்கள் அங்கே ஒரே தட்டில் சாப்பிட்டதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மெட்ராஸ் சாப்பர்ஸில்தான் காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி வெடிக்கப் போவதைக் கண்டு, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் தானே விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருது இறந்த பிறகு வழங்கப்பட்டது. நம் இளைஞர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

போர் முடிந்தது. 1946இல் பாட்டனாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியம் பெறச் சிப்பாய்க்குப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும். போருக்காகச் சேர்க்கப்பட்டு நான்கு ஐந்து ஆண்டுகளில் அனுப்பப்பட்டவர்களுக்கு அது கிடையாது. கையில் கொஞ்சம் பணம், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், ஒரு பதக்கம். திரும்பிவந்து மறுபடி தறியில் உட்கார்ந்தார். அவர் மறைந்த பிறகு என் பாட்டியார், போர்வீரரின் விதவைக்கு உதவித்தொகை உண்டு என்று யாரோ சொல்ல, மனுப் போட்டார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகப் பெயர்; ரேஷன் கார்டில் வேறு விதமாகப் பெயர். ‘இவர்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டு ஓர் அலுவலகம் மூன்று முறை மனுவைத் திருப்பியது. நான்காவது முறை போவதற்குப் பாட்டியார் இல்லை.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. எழுத்து வேறுபட்டது, அவ்வளவுதான். ஆனால் ஓர் எழுத்து வேறுபட்டதால் ஒரு மனிதனின் நான்கு ஆண்டு வாழ்க்கையே இல்லையென்று ஆகிவிட்டது! எழுதி வைக்க வேண்டும், சரியாக எழுதி வைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இரு பக்கமும் நம்மவர்கள்

சிலர் கேட்பார்கள். ‘வெள்ளைக்காரன் படையில் கூலிக்குப் போனவர்களை எதற்காகக் கௌரவிக்க வேண்டும்? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள்தானே வீரர்கள்?’

நியாயமான கேள்வி. ஒரே பர்மா மண்ணில் இரண்டு பக்கமும் நம் மக்கள் நின்றார்கள். மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி இந்திய தேசிய ராணுவத்தில் நின்றான். வடஆற்காட்டுத் தமிழன் பிரிட்டிஷ் இந்தியப் படையில் நின்றான். ‘ஜெய்ஹிந்த்’ என்ற முழக்கத்தைத் தந்தவராகச் சொல்லப்படும் ஆபித் ஹசன், நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்தவர். 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய முதல் விசாரணையில் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட மூவர் யார்? ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். நாடே அவர்களுக்காகத் திரண்டது.

அந்தத் தியாகத்தைத் தலைமேல் வைப்போம். அதற்காக மறுபக்கம் நின்றவனைத் தூக்கி எறிய வேண்டுமா? இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர். கட்டாயச் சேர்ப்பு இல்லாமல் திரண்ட உலகின் மிகப் பெரிய படை என்பார்கள். கட்டாயப்படுத்தியது சட்டம் அல்ல, பசி. அவர்களில் 87,000 பேர் மடிந்தார்கள். யாங்கோன் அருகே தௌக்கியான் என்ற இடத்தில் ஒரு நினைவுமண்டபம். கபர் எங்கே என்றே தெரியாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் போரைத் தொடங்கியவர்கள் அல்ல. போர் யாருக்காக என்று அவர்களைக் கேட்டவரும் இல்லை. அந்த மனிதனின் உழைப்பையும் உயிரையும் நாம் மதிக்கிறோம். அவனை அனுப்பியவனின் ஆட்சியை அல்ல. இந்த வேறுபாடு புரிந்தால் போதும்.

நற்சான்றிதழ் கேட்பவர்களுக்கு

இனி மனதில் உறுத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிகேடியர் முகம்மது உஸ்மான். நாடு பிரிந்தபோது பலூச் ரெஜிமெண்டில் இருந்தார். பாகிஸ்தானுக்கு வந்தால் உயர்ந்த இடம் என்றார்கள். மறுத்துவிட்டு இந்தியாவில் நின்றார். 1948இல் நௌஷேராவைக் காத்தார். ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுக்கமாட்டேன் என்று சொல்லித் தரையில் படுத்தவர். ஜாங்கர் மீட்கப்பட்டது. 1948 ஜூலை 3ஆம் நாள் அங்கேயே குண்டு விழுந்து ஷஹீதானார். மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது பிரதமர் நேரு வந்து நின்றார். அந்தக் கபர் 2020 டிசம்பரில் சேதப்படுத்தப்பட்டது என்ற செய்தியும் வந்தது. ராணுவம் முன்வந்து சீர்செய்தது.

ஹவில்தார் அப்துல் ஹமீது. உத்தரப்பிரதேசம் காஜிபூர் மாவட்டம் தாமுபூர் கிராமத்துத் தையல்காரர் வீட்டுப் பிள்ளை. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு, கரும்புக் காட்டுக்குள் மறைந்து, வந்த பேட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினார். செப்டம்பர் 10ஆம் நாள் உயிர் துறந்தார். பரம்வீர் சக்கரம். 2025 பிப்ரவரியில் அவர் படித்த ஊர்ப் பள்ளியின் முகப்பில் அவர் பெயருக்குப் பதில் வேறு பெயர் எழுதப்பட்டது. குடும்பத்தார் குரல் எழுப்பினார்கள். பிறகுதான் பெயர் மறுபடி எழுதப்பட்டது. கேட்டதால் திரும்ப வந்தது. கேட்காமல் இருந்திருந்தால்?

கேப்டன் ஹனீஃபுத்தீன். 1999 கார்கில் போரில் துர்த்துக் பகுதியில் 25 வயதில் வீழ்ந்தவர். எதிரியின் குண்டு மழையில் உடலை உடனே மீட்க முடியவில்லை. ‘என் மகனின் உடலுக்காக இன்னொரு தாயின் பிள்ளை உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்’ என்ற கருத்தில் அவருடைய தாயார் ஹேமா அஜீஸ் தளபதியிடம் சொன்னார் என்று பதிவாகியிருக்கிறது. அதைவிட ஒரு தாய் என்ன சொல்ல முடியும்?

இந்தப் பெயர்களை நாம் எப்போது சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். யாராவது நம் தேசபக்தியைச் சந்தேகித்தால் உடனே உஸ்மானை எடுத்து நீட்டுகிறோம். ஹமீதை எடுத்து நீட்டுகிறோம். ஏதோ போலீஸ் கேட்டதும் லைசென்ஸை எடுத்துக் காட்டுகிற மாதிரி! அந்த வீரர்கள் நமக்கு நற்சான்றிதழ் வாங்கித் தருவதற்காகவா உயிர் கொடுத்தார்கள்? இந்த நாட்டில் பிறந்தவனுக்கு இது சொந்த நாடு. அதற்குச் சாட்சி கேட்க எவருக்கும் உரிமை இல்லை. சாட்சி தேடி ஓட நமக்கும் அவசியம் இல்லை. ஹமீதை நினைப்பது அவர் கடமையில் நின்ற மனிதர் என்பதற்காக. அதே கார்கிலில் படாலிக் முனையில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனையும், 2020 ஜூனில் கல்வானில் வீழ்ந்த ராமநாதபுரம் ஹவில்தார் பழனியையும் அதே மரியாதையோடு நினைப்பதற்காக. வீரரை மதம் பார்த்துப் பிரித்து நினைத்தால், நம்மைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

உயிரோடு இருப்பவரின் உரிமை

மறைந்தவர்களைப் புகழ்வது எளிது. உயிரோடு இருப்பவர்களுக்கு வேலை செய்வதுதான் கடினம்.

ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்தது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, நிலையான வருமானம் இல்லாத முன்னாள் வீரருக்கும் விதவைக்கும் மத்திய அரசின் வறுமை நிவாரணத் தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்தி 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்தவர்களின் பிள்ளைகள் படிப்புக்கும் மகள் திருமணத்துக்கும் உள்ள உதவியையும் அப்போதே இரட்டிப்பாக்கினார்கள். நம் ஊரில் இதற்குத் தகுதி உள்ள விதவைத் தாய் ஒருவராவது இருப்பார். அவருக்கு யார் சொல்வது? ஆங்கிலப் படிவத்தை யார் நிரப்புவது?

இன்னொன்று. 2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுச் சேவை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள், ஓய்வூதியம் கிடையாது. என் பாட்டனார் காலத்துக் கதை நினைவுக்கு வருகிறதா? சேர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்புகிற பிள்ளைகள் தாராளமாகச் சேரட்டும். நிபந்தனைகளைப் படித்துத் தெரிந்துகொண்டு சேரட்டும். திரும்பி வருகிற பிள்ளை அன்றைக்கும் இளைஞனாகத்தான் இருப்பான். அவனுக்குக் கடையில் வேலை கொடுக்கவும் தொழில் கற்றுக்கொடுக்கவும் நம் வியாபாரிகள் தயாராக இருக்க வேண்டும். அதுவும் வீரரைக் கௌரவிப்பதுதான்.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இளைஞர்கள் நான்கு பேர் வீடு வீடாகப் போங்கள். நம் தெருவோடு நிற்க வேண்டாம். காலனிக்கும் போங்கள், எல்லாத் தெருவுக்கும் போங்கள். யார் வீட்டிலிருந்து யார் போனார், எந்தப் படை, எந்த ஆண்டு, படை எண் என்ன? உயிரோடு இருப்பவர் வாயால் சொல்வதை எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டு: டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நகல் எடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அவர் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்யுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் படை ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

மூன்று: போருக்குப் போய்த் திரும்பாதவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். ஒரே பெயரை நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். எண்பது ஆண்டுக்குப் பிறகு கபர் இருக்கும் இடம் தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

நான்கு: வியாபாரச் சகோதரர்களே, டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் நடந்து வருகிறது. கல்லாவில் இருக்கும் சில்லறையைப் போட்டுவிட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு முடித்துவிடாதீர்கள். அந்தப் பணம் இப்படிப்பட்ட குடும்பங்களின் மறுவாழ்வுக்குத்தான் போகிறது. கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

சகோதரர்களே! வரலாற்றில் நம்மை மறைத்துவிட்டார்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். மறைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் வரலாற்றைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறதே, அதை யார் மறைத்தது? எழுதுகோல் நம் கையில் இருக்கிறது. அடுத்த கொடிநாளுக்குள் அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பிரதி நம் ஊர் நூலகத்துக்குப் போக வேண்டும். முதல் பக்கத்தில் எழுத வேண்டிய பெயர்கள் இதோ, இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டம் கலைவதற்குள் எழுதத் தொடங்குங்கள்.

இந்தப் பெரியவர்களுக்கு அல்லாஹ் உடல்நலத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக! மறைந்தவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தருவானாக! நம் பிள்ளைகள் போரைப் புத்தகத்தில் மட்டுமே படிக்கும் அமைதியான காலத்தைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.